தைராய்டு எண்ணும் தீராத அசதியும்

எந்நேரமும் அசதி, காலையில் எழும்போதே களைப்பு என்று மருத்துவரிடம் செல்பவர்களுக்கு இன்று முதலில் எழுதித்தரப்படும் ரத்தப் பரிசோதனைகளுள் ஒன்று தைராய்டு. மருத்துவரைப் பார்க்காமலேயே நேராக ஆய்வகத்துக்குச் சென்று ரத்தம் கொடுத்துவிட்டு வருவோரும் பெருகிவிட்டனர். மாலையில் முடிவு கைப்பேசிக்கு வந்துவிடுகிறது. அதில் ஓர் எண் மட்டும் தடித்த எழுத்தில் இருக்கும்; பக்கத்தில் மேல்நோக்கிய அம்புக்குறி ஒன்று இருக்கும். அந்த அம்புக்குறியைக் கண்டதுமே பல குடும்பங்களில் களைப்புக்கான காரணத்தைத் தேடும் வேலை முடிந்துவிடுகிறது.

நான் மருத்துவன் அல்லன். பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் பெற்று, கல்லூரியில் 30 ஆண்டுகளுக்கு மேல் அப்பாடத்தையும் அதற்குத் துணையான புள்ளியியலையும் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஆனால், ஆய்வகத் தாளில் அச்சிடப்படும் 'இயல்பு வரம்பு' புள்ளியியலின் குழந்தை. உறவினர்களும் பழைய மாணவர்களும் அத்தாளை என்னிடம் காட்டும்போது, என்ன நோய் என்று நான் சொல்வதில்லை. அந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதை மட்டும் விளக்குவதுண்டு. அதையே இங்கு எழுதுகிறேன்.

கழுத்தின் முன்புறம், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்ததுபோல் அமைந்திருக்கிறது தைராய்டு சுரப்பி. உணவின் வழியாகவும் உப்பின் வழியாகவும் வரும் அயோடினைக் கொண்டு அது இரண்டு ஹார்மோன்களை உருவாக்குகிறது. நான்கு அயோடின் அணுக்களைக் கொண்டது டி4 எனப்படும் தைராக்ஸின். மூன்றைக் கொண்டது டி3. சுரப்பி பெரும்பாலும் டி4-ஐத்தான் வெளியிடுகிறது. உடலின் திசுக்கள் அதிலிருந்து ஓர் அயோடினை நீக்கி, வீரியம் மிக்க டி3 ஆக மாற்றிக்கொள்கின்றன. இதயத் துடிப்பு, உடல் வெப்பம், குடலின் அசைவு, தசைகளின் வேகம் ஆகிய அனைத்தும் இவற்றின் அளவைச் சார்ந்தவை. எனவே இவை குறைந்தால் அசதி வரும் என்பதில் ஐயமில்லை.

தாளில் மூன்றாவதாக இருக்கும் டிஎஸ்ஹெச் தைராய்டில் சுரப்பதே இல்லை. மூளையின் அடிப்பகுதியில், பட்டாணி அளவில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து அது வருகிறது. தலைமை அலுவலகம் கிளை அலுவலகத்துக்கு அனுப்பும் நினைவூட்டுக் கடிதம் என்று இதனைக் கொள்ளலாம். கிளையில் வேலை ஒழுங்காக நடந்தால் ஓரிரு கடிதங்கள் போதும். வேலை தேங்கினால் கடிதங்கள் குவியும். கிளை அளவுக்கு மீறி வேலை செய்தால் கடிதமே வராது. 'தைராய்டு எட்டு இருக்கிறது, அதிகமாகிவிட்டது. டாக்டரோ தைராய்டு குறைவு என்கிறாரே' என்று குழம்புவோரைப் பலமுறை சந்தித்திருக்கிறேன். இருவர் சொல்வதும் ஒன்றுதான். உயர்ந்திருப்பது கடிதங்களின் எண்ணிக்கை. குறைந்திருப்பது கிளையின் வேலை.

இந்தக் கடிதப் போக்குவரத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. தைராக்ஸின் பாதியாகக் குறைந்தால் டிஎஸ்ஹெச் இரு மடங்காவதில்லை. ஏறத்தாழ நூறு மடங்கு உயர்கிறது. மடக்கை உறவு என்று கணிதத்தில் சொல்வது இதைத்தான். இதைத் திருப்பிப் போட்டால் இன்னொரு செய்தி கிடைக்கும். டிஎஸ்ஹெச் 3-லிருந்து 6 ஆக உயர்ந்தால், ரத்தத்தில் தைராக்ஸின் பாதியாகிவிட்டது என்று பொருளல்ல; பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் அது குறைந்திருக்கும். பிட்யூட்டரி மிக நுட்பமான கண்காணிப்பாளர். சிறு சுணக்கத்துக்கும் உரத்த குரலில் பேசும். அதனால்தான் ஆரம்ப நிலையிலேயே கோளாற்றைக் காட்டிக்கொடுக்கும் சோதனையாக டிஎஸ்ஹெச் விளங்குகிறது. ஆனால், குரலின் உயரத்தையே நோயின் அளவாகக் கொள்ளக் கூடாது.

இனி, இயல்பு வரம்புக்கு வருவோம். பெரும்பாலான தாள்களில் டிஎஸ்ஹெச்சுக்கு 0.4 முதல் 4 வரை, அல்லது 4.5 வரை என்று இருக்கும். லிட்டருக்கு மில்லி யூனிட் என்றும், மில்லி லிட்டருக்கு மைக்ரோ யூனிட் என்றும் இரு வகையில் எழுதுவார்கள், எண் மாறாது. நோயில்லாதவர்கள் என்று கருதப்படும் பலரின் ரத்தத்தை அளந்து, எண்களை ஏறுவரிசையில் அடுக்கி, கீழே 2.5 விழுக்காட்டையும் மேலே 2.5 விழுக்காட்டையும் ஒதுக்கிவிட்டு, நடுவில் நிற்கும் 95 விழுக்காட்டினரின் எல்லைகளையே 'இயல்பு' என்று குறிக்கிறார்கள். அதாவது, நலமாக இருக்கும் 20 பேரில் ஒருவர் வரம்புக்கு வெளியே இருப்பார் என்பது அந்த வரையறையிலேயே அடங்கியிருக்கிறது.

ஒரு சோதனைக்கே இப்படியென்றால், ஒன்றையொன்று சாராத 20 சோதனைகளை ஒரே நேரத்தில் செய்துகொள்ளும் முழு நலமுடைய ஒருவருக்கு, ஏதேனும் ஓர் எண்ணாவது வரம்பைத் தாண்டும் வாய்ப்பு 64 விழுக்காடு. 60 சோதனைகள் என்றால் 95 விழுக்காடு. நடைமுறையில் சோதனைகள் பல ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதால் இவ்வெண்கள் சற்றுக் குறையும், போக்கு மாறாது. 'முழு உடல் பரிசோதனை' என்ற பெயரில் மலிவாக விற்கப்படும் தொகுப்புகளில் ஓர் அம்புக்குறிகூட இல்லாமல் வெளியே வருவதுதான் வியப்புக்குரியது. அளிப்பு தனக்கான தேவையைத் தானே உருவாக்கிக்கொள்ளும் என்று பிரெஞ்சுப் பொருளியலாளர் சே சொன்னதாகப் பாடம் நடத்தியிருக்கிறேன். அந்த விதி வேறெங்கு பொய்த்தாலும் ஆய்வகத் தொழிலில் பொய்க்கவில்லை.

வயதும் இதில் சேர்ந்துகொள்கிறது. அமெரிக்காவில் நாடு தழுவிய அளவில் திரட்டப்பட்ட உடல்நலத் தரவுகளை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்டார்கள். தைராய்டு நோய் இல்லாதவர்களில், 20 முதல் 29 வயது வரை உள்ளவர்களின் டிஎஸ்ஹெச் மேல்வரம்பு 3.56 ஆகவும், 80 வயதைக் கடந்தவர்களின் மேல்வரம்பு 7.49 ஆகவும் அதில் இருந்தது. நம் ஆய்வகத் தாள்களில் 25 வயதுப் பெண்ணுக்கும் 82 வயது மூதாட்டிக்கும் பெரும்பாலும் ஒரே வரம்புதான் அச்சாகிறது. அந்த மூதாட்டியின் 6.5 தடித்த எழுத்தில் வருவதற்கு அவருடைய தைராய்டைவிட அச்சிடும் மென்பொருளே பொறுப்பாக இருக்கலாம்.

ஒரே மனிதரின் எண்ணும் நிலையாக நிற்பதில்லை. டிஎஸ்ஹெச் நள்ளிரவு கடந்து உச்சத்தைத் தொட்டு, பிற்பகலில் தாழ்ந்து நிற்கும். காலை 7 மணிக்குக் கொடுத்த ரத்தத்தையும் மாலை 4 மணிக்குக் கொடுத்த ரத்தத்தையும் ஒப்பிட்டு 'குறைந்துவிட்டது' என்று மகிழ்வதில் பொருளில்லை. நேரம் ஒன்றாக இருந்தாலும், உடலில் எந்த மாற்றமும் இல்லாமலேயே இரு அளவீடுகளுக்கு இடையே 40 முதல் 50 விழுக்காடு வரை வேறுபாடு வரலாம். 4.4 என்பது 3.3 ஆனது மருந்தாலோ யோகாசனத்தாலோ என்று ஆராய்வதற்கு முன் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

இதற்கு நேர்மாறான ஒரு பக்கமும் உண்டு. டென்மார்க்கில் நலமான 16 ஆண்களின் ரத்தத்தை ஓராண்டு காலம் மாதந்தோறும் அளந்து பார்த்தார்கள். 2002-இல் முடிவு வெளியானது. ஒவ்வொருவருடைய தைராய்டு அளவுகளும் தமக்கே உரிய ஒரு குறுகிய பட்டையில்தான் அசைந்தன. அப்பட்டையின் அகலம், மக்கள்தொகைக்கென்று வகுக்கப்பட்ட வரம்பில் ஏறத்தாழ பாதியே இருந்தது. பத்தாண்டுகளாக 1.2 என்ற அளவில் இருந்த ஒருவருக்கு இப்போது அடுத்தடுத்து 3.9, 4.1 என்று வருமானால், அச்சிட்ட வரம்புக்குள்ளேயே அவர் இருந்தாலும், அவருக்கு அது மாற்றம்தான். பழைய தாள்களைப் பழைய செய்தித்தாளோடு எடைக்குப் போட்டுவிடாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

எண்களைத் தனித்தனியே பார்ப்பதைவிடச் சேர்த்துப் பார்ப்பது பயன் தரும். நம் ஊர் ஆய்வகங்கள் 'தைராய்டு புரொஃபைல்' என்று தருவது பெரும்பாலும் மொத்த டி3, மொத்த டி4, டிஎஸ்ஹெச் ஆகிய மூன்றும். ரத்தத்தில் உள்ள தைராக்ஸினில் 99 விழுக்காட்டுக்கு மேல் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு கிடப்பது. அது வேலைக்கு வராத சேமிப்பு. கர்ப்ப காலத்திலும் கருத்தடை மாத்திரை உட்கொள்ளும்போதும் அப்புரதம் பெருகுவதால், சுரப்பியில் எந்தக் கோளாறும் இன்றியே மொத்த டி4 உயர்ந்து தெரியும். ஆகவே மருத்துவர்கள் விரும்புவது, புரதத்தோடு ஒட்டாமல் தனித்து உலவும் ஃப்ரீ டி4 என்னும் அளவு. டெசி லிட்டருக்கு ஏறத்தாழ 0.8 முதல் 1.8 நானோகிராம் வரை அதன் வரம்பு. சில ஆய்வகங்கள் இதையே பிகோமோல் கணக்கில் 10 முதல் 23 வரை என்று எழுதும். போன மாதம் 1.2 ஆக இருந்தது இம்மாதம் 15 ஆகிவிட்டதே என்று பதறியவர்கள் உண்டு. மாறியது அலகு மட்டுமே. டி3 அளவு, தைராய்டு குறைபாட்டைக் கண்டறிய அவ்வளவாக உதவாது; நோய் முற்றும்வரை உடல் அதை விட்டுக்கொடுப்பதில்லை.

டிஎஸ்ஹெச் உயர்ந்து, ஃப்ரீ டி4 தாழ்ந்திருந்தால் அது தெளிவான தைராய்டு குறைபாடு. அங்கே விவாதத்துக்கு இடமில்லை, மாத்திரை வேண்டும். டிஎஸ்ஹெச் மிகத் தாழ்ந்து, ஃப்ரீ டி4 உயர்ந்திருந்தால் மிகைச் சுரப்பு. அதிலும் அசதி வரும் என்பது பலருக்குத் தெரியாது. படபடப்பு, கை நடுக்கம், உடல் மெலிவு, வெப்பம் தாங்காமை ஆகியவை உடன் வரும்.

அரிதான ஒரு சேர்க்கையைத் தனியே சொல்ல வேண்டும். ஃப்ரீ டி4 தாழ்ந்திருக்கும். ஆனால் டிஎஸ்ஹெச் 'இயல்பாக' இருக்கும், அல்லது அதுவும் தாழ்ந்திருக்கும். கிளையில் வேலை நின்றுபோயும் தலைமை அலுவலகம் கடிதம் எழுதவில்லை என்றால், கோளாறு தலைமை அலுவலகத்தில். பிரசவத்தின்போது ஏற்படும் கடும் ரத்தப்போக்கால் பிட்யூட்டரி சேதமடையும் ஷீஹன் நோய் இவ்வகையைச் சேர்ந்தது. 1937-இல் இதனை விவரித்த மருத்துவரின் பெயரைத் தாங்கியது. குழந்தைக்குத் தாய்ப்பால் சுரக்காமல் போனது, அதன்பின் மாதவிடாயே வராதது, பல ஆண்டு அசதி என்று இவர்களின் கதை நீளும். டிஎஸ்ஹெச் மட்டும் பார்த்து 'தைராய்டு நார்மல்' என்று அனுப்பிவிட்டால் இவர்கள் தப்பிவிடுவார்கள். பழைய பிரசவத்தில் ரத்தம் ஏற்றும் நிலை வந்திருந்தால், அசதியோடு வரும் பெண் அதை மருத்துவரிடம் தாமாகவே சொல்லிவிடுவது நல்லது.

பெரும்பாலோரின் தாளில் இருப்பது இவற்றில் எதுவுமில்லை. டிஎஸ்ஹெச் 5, 6, 7 என்று வரம்பைச் சற்றே தாண்டியிருக்கும். ஃப்ரீ டி4 இயல்பாக இருக்கும். இதற்கு மருத்துவம் வைத்துள்ள பெயர் சப்கிளினிக்கல் ஹைப்போதைராய்டிசம். சென்னை உள்ளிட்ட எட்டு இந்திய நகரங்களில் 5,376 பேரிடம் நடத்தப்பட்டு 2013-இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ 11 விழுக்காட்டினருக்குத் தைராய்டு குறைபாடும், அதற்கு மேல் 8 விழுக்காட்டினருக்கு இந்த இடைநிலையும் இருந்தன. குழப்பம் முழுவதும் இந்த இடைநிலையில்தான் குடியிருக்கிறது.

என் தங்கையின் கதையும் இதுவே. அவள் அப்போது 49 வயதுப் பள்ளி ஆசிரியை. ஓராண்டாக ஓயாத அசதி. வகுப்பில் நின்று பாடம் நடத்த முடியவில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. தொகுப்புப் பரிசோதனை செய்தார்கள். டிஎஸ்ஹெச் 6.8 என்று வந்தது. பக்கத்துத் தெரு மருத்துவர் அந்தப் பக்கத்தை மட்டும் பார்த்துத் தைராய்டு மாத்திரை எழுதிக்கொடுத்தார். அன்று மாலையே மைத்துனர் அப்பக்கத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்பினார். மற்றப் பக்கங்களையும் அனுப்புமாறு கேட்டேன். நான்காம் பக்கத்தில் ஹீமோகுளோபின் 8.4 என்று இருந்தது. அதற்கும் ஓர் அம்புக்குறி இருந்தது, கீழ்நோக்கியது. மேல்நோக்கிய அம்பைப் பார்த்த கண்களில் அது படவில்லை.

மறுநாள் பொது மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் முதலில் கேட்ட கேள்வி, மாதவிடாய் எத்தனை நாள் என்பது. பத்து நாள் என்றாள். வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 6 என்று வந்தது. ஸ்கேனில் கருப்பையில் ஃபைப்ராய்டு கட்டி தெரிந்தது. தைராய்டு குறைபாடும் மாதவிடாயை மிகுதியாக்கக் கூடும் என்பதால் அதையும் அவர் தள்ளிவிடவில்லை. எட்டு வாரம் கழித்து மறுபடி பார்ப்போம் என்றார். அதற்குள் இரும்புச்சத்தும் கட்டிக்கான சிகிச்சையும் தொடங்கின. எட்டாம் வாரம் டிஎஸ்ஹெச் 4.6. நான்காம் மாதம் தொலைபேசியில், "அண்ணா, துணி வாளியோடு மொட்டைமாடிக்கு நிற்காமல் ஏறிவிட்டேன்" என்றாள். தைராய்டு மாத்திரை பிரிக்கப்படாமலேயே இருந்தது.

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருப்பதாக ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு கூறுகிறது. அசதியோடு வரும் ஒரு பெண்ணுக்குத் தைராய்டைவிட ரத்தசோகைக்கே வாய்ப்பு அதிகம் என்பதை அறிய மருத்துவப் படிப்பு தேவையில்லை. இவ்விரு விழுக்காடுகளை அருகருகே வைத்துப் பார்த்தால் போதும்.

இடைநிலையில் உள்ளவர்களுக்கு மாத்திரை கொடுத்தால் அசதி தீருமா? இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். நான்கு ஐரோப்பிய நாடுகளில், 65 வயதைக் கடந்த 737 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குத் தைராக்ஸினும் மறு பிரிவுக்கு அதேபோன்ற வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது; மருத்துவருக்கும் தெரியாது. தொடக்கத்தில் சராசரி டிஎஸ்ஹெச் 6.4. ஓராண்டு முடிவில் மருந்துப் பிரிவில் அது 3.63 ஆக இறங்கியது. வெற்று மாத்திரைப் பிரிவிலும் 5.48 ஆகத் தானே இறங்கியது. களைப்பில் இரு பிரிவுகளுக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. 2017-இல் இது வெளியானது. எண் திருந்தியது, மனிதர் திருந்தவில்லை.

இரண்டாண்டுகளுக்குப் பின் பிரிட்டிஷ் மருத்துவ இதழின் வல்லுநர் குழு, இந்த இடைநிலைக்குத் தைராய்டு ஹார்மோன் தர வேண்டாம் என்று அழுத்தமாகவே பரிந்துரைத்தது. கர்ப்பிணிகள், கருத்தரிக்க முயல்பவர்கள், டிஎஸ்ஹெச் 20-ஐத் தாண்டியவர்கள், கடுமையான அறிகுறிகள் உள்ளவர்கள், மிக இளையவர்கள் ஆகியோருக்கு இது பொருந்தாது என்றும் சொன்னது. 10-ஐத் தாண்டினாலே மாத்திரை தொடங்கலாம் என்பது மருத்துவர் பலரின் நடைமுறை. இதில் எது சரி என்று தீர்ப்பளிக்க எனக்குத் தகுதியில்லை. ஆனால் 6 என்ற ஒற்றை எண்ணைக் கொண்டு, மறுசோதனையும் இன்றி வாழ்நாள் மாத்திரையைத் தொடங்குவதற்குச் சான்று மெலிது என்று சொல்லத் தயங்க மாட்டேன்.

யாருக்கு இந்த இடைநிலை முழுக் குறைபாடாக முற்றும் என்பதை ஓரளவு முன்கூட்டி அறியலாம். சுரப்பியைத் தன் உடலே தாக்கும் நோயை ஜப்பானிய மருத்துவர் ஹாஷிமோட்டோ 1912-இல் விவரித்தார். அதன் அடையாளம்தான் டிபிஓ எதிரணு. இங்கிலாந்தின் விக்கம் என்னும் ஊரில் 1970-களில் தொடங்கி 20 ஆண்டுகள் மக்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். எதிரணுவும் இருந்து டிஎஸ்ஹெச்சும் உயர்ந்திருந்த பெண்களில் ஆண்டுக்கு 4.3 விழுக்காட்டினருக்குக் குறைபாடு முற்றியது. டிஎஸ்ஹெச் மட்டும் உயர்ந்தவர்களுக்கு அது 2.6. எதிரணு மட்டும் இருப்பது நோயல்ல. முன் சொன்ன இந்திய ஆய்வில் ஐந்தில் ஒருவருக்கு மேல் அது இருந்தது. எதிரணு இருந்தால் ஆண்டுக்கொருமுறை சோதனை என்பது போதுமான விழிப்பு. எதிரணுவின் எண்ணிக்கையை மாதந்தோறும் அளப்பதால் ஆய்வகத்துக்கு மட்டுமே ஆதாயம்.

சோதனையையே கெடுத்துவிடும் சில சங்கதிகளும் உண்டு. முடி உதிர்வுக்கென்று கடைகளில் விற்கப்படும் பயோட்டின் மாத்திரை அவற்றுள் முதன்மையானது. உடலுக்கு நாளொன்றுக்குத் தேவை 30 மைக்ரோகிராம் அளவே. இம்மாத்திரைகளிலோ 5,000 அல்லது 10,000 மைக்ரோகிராம். சில கருவிகளில் இது டிஎஸ்ஹெச்சைப் பொய்யாகக் குறைத்தும் டி4-ஐப் பொய்யாக உயர்த்தியும் காட்டும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-இல் இதுபற்றி எச்சரித்தது. முடி உதிர்வும் அசதியும் தைராய்டின் அறிகுறிகள் என்பதால், தைராய்டு சோதனைக்கு வருபவரே பயோட்டின் விழுங்குபவராகவும் இருப்பது இதன் விந்தை. குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்திவிட்டு ரத்தம் கொடுக்க வேண்டும். டெங்கு, நிமோனியா போன்ற கடும் நோயிலிருந்து மீண்டுவரும்போது டிஎஸ்ஹெச் தற்காலிகமாக உயரும். அப்போது எடுத்த அளவை நம்பக் கூடாது. லித்தியம், அமியோடரோன், ஸ்டீராய்டு மருந்துகளும் எண்ணை மாற்றும்.

ஏற்கெனவே மாத்திரை உட்கொள்வோருக்கு அசதி நீடித்தால், சுரப்பியைச் சந்தேகிக்கும் முன் காலைக் காப்பியைச் சந்தேகிக்கலாம். தைராக்ஸின் வெறும் வயிற்றில், தண்ணீரோடு விழுங்கப்பட வேண்டியது. காப்பிக்கும் சிற்றுண்டிக்கும் குறைந்தது அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் இடைவெளி வேண்டும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேரம். மூன்றையும் ஒரே மிடற்றில் விழுங்கிவிட்டு, மருந்து வேலை செய்யவில்லை என்று அளவைக் கூட்டிக்கொண்டே போனவர்களை அறிவேன். சோதனை நாளன்று ரத்தம் கொடுத்த பிறகு மாத்திரை போட்டுக்கொள்வது நல்லது.

தைராக்ஸின் உடலில் பாதியாகக் குறைய ஒரு வாரம் ஆகும். அளவை மாற்றினால் டிஎஸ்ஹெச் புதிய நிலைக்கு வந்து அமர ஆறு முதல் எட்டு வாரங்கள் செல்லும். ரிசர்வ் வங்கி வட்டியை மாற்றிய மறுவாரமே விலைவாசி இறங்கவில்லையே என்று கேட்பவரும், மாத்திரையை மாற்றிய பத்தாம் நாள் ரத்தம் கொடுப்பவரும் ஒரே தவற்றைத்தான் செய்கிறார்கள்.

டிஎஸ்ஹெச் 2 என்று நன்றாக இருந்தும் அசதி போகவில்லை என்பதற்காக மாத்திரையின் அளவைத் தாமே கூட்டுவது ஆபத்தானது. டிஎஸ்ஹெச் 0.1 அல்லது அதற்கும் கீழே இருந்த 60 வயதைக் கடந்தவர்களுக்கு, இதயம் தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வரும் வாய்ப்பு மூன்று மடங்காக இருந்ததை அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் ஆய்வு 1994-இலேயே காட்டியது. எலும்பும் தேயும். மறுபுறம், உண்மையான குறைபாடு உள்ளவர் 'வாழ்நாள் முழுவதும் மாத்திரையா' என்று அஞ்சி நிறுத்திவிட்டு, கஷாயத்தைத் தேடிப் போவதும் அதே அளவு ஆபத்து. சுரக்காத ஹார்மோனுக்கு ஈடாக அதே ஹார்மோனைத் தரும் மலிவான மாத்திரை அது. அதை அடிமைத்தனமாக எண்ணுவதில் பொருளில்லை.

தைராய்டு அல்ல என்று தெரிந்த பிறகு அசதிக்கு வேறெங்கே காரணம் தேடுவது? ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் முதலில். சர்க்கரை அளவு, சிறுநீரகம், கல்லீரல் அடுத்து. மெட்ஃபார்மின் பல ஆண்டுகள் உட்கொள்ளும் சர்க்கரை நோயாளிகளுக்கு வைட்டமின் பி12 குறைவது அறியப்பட்ட விஷயம். சைவ உணவுக்காரர்களுக்கும் அப்படியே. உரக்கக் குறட்டை விட்டு, பகலில் தூங்கி வழிபவருக்குத் தூக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறதா என்று பார்க்க வேண்டும். மாலைக் காய்ச்சலும் எடைக் குறைவும் இருந்தால் காசநோயை மறக்கக் கூடாது. ரத்தக்கொதிப்புக்கும் ஒவ்வாமைக்கும் தரப்படும் சில மருந்துகளே களைப்பைத் தரும். மனச்சோர்வு நோய் நம் வீடுகளில் 'உடம்பு அசதி' என்ற மாற்றுப் பெயரில்தான் பெரும்பாலும் வெளியே வருகிறது.

பொருளாதாரம் படித்தவன் என்ற முறையில் இன்னொரு கணக்கையும் சேர்த்துவிடுகிறேன். மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் செலவிடும் நேரம் 289 நிமிடங்கள். ஆண்கள் 88 நிமிடங்கள். அலுவலகம் சென்று திரும்பிய பிறகும் இந்த வேலை காத்திருக்கும் பெண்ணின் அசதியைக் காட்டும் சோதனையை எந்த ஆய்வகமும் தருவதில்லை. எல்லா எண்களும் இயல்பாக வந்த பிறகும் ஒரு பெண் களைத்திருந்தால், வீட்டில் உள்ள மற்றவர்களின் கால அட்டவணையை எடுத்துப் பார்ப்பதும் ஒரு பரிசோதனைதான்.

மருத்துவரிடம் போகும்போது ஒரே தாளில் தேதி, ரத்தம் கொடுத்த நேரம், ஆய்வகம், டிஎஸ்ஹெச், ஃப்ரீ டி4, அப்போது உட்கொண்ட மாத்திரைகள் ஆகியவற்றை வரிசையாக எழுதி எடுத்துச் செல்லுங்கள். கூடுமானவரை ஒரே ஆய்வகம், ஒரே நேரம். வரம்பை லேசாகத் தாண்டிய எண்ணை இரண்டு, மூன்று மாதம் கழித்து மறுபடியும் பார்க்கலாமா என்று கேளுங்கள். அசதியோடு குளிர் தாங்காமை, மலச்சிக்கல், குரல் கரகரப்பு, முகவீக்கம், தோல் வறட்சி ஆகியவை உண்டா என்பதையும் சொல்லுங்கள். இவை பல சேர்ந்திருந்தால் அதே 7 என்ற எண்ணை மருத்துவர் வேறு கண்ணோடு பார்ப்பார்.

இவ்வளவு நேரம் சொன்ன பொறுமை இரண்டு இடங்களில் பொருந்தாது. தைராய்டு குறைபாடுள்ள முதியவர் வழக்கத்துக்கு மாறாக உறங்கிக்கொண்டே இருந்து, உடல் சில்லிட்டு, பேச்சு குழறினால் ரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். மற்றொன்று கர்ப்பம். முதல் மூன்று மாதங்களில் கருவின் மூளை வளர்ச்சி தாயின் தைராக்ஸினை நம்பியே நடக்கிறது. மாத்திரை உட்கொள்ளும் பெண்ணுக்கு நாள் தள்ளிப்போனால், அடுத்த பரிசோதனைத் தேதி வரட்டும் என்று இருக்கலாகாது. பெரும்பாலோருக்கு மாத்திரையின் அளவை 25 முதல் 30 விழுக்காடு வரை கூட்ட வேண்டியிருக்கும். கர்ப்பம் உறுதியான அன்றே மருத்துவரை அழைத்துக் கேட்டுவிட வேண்டும்.